கோழி சாப்பிடுவதை யார் சோதிக்கிறார்கள்? தீவனத்தின் விலையும் தரமும்: ஒரு விளக்கம்

கோழிச் சோற்றின் விலை ஏறும்போது நாம் கடைக்காரரைப் பார்க்கிறோம். கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கைகாட்டுவார். மொத்த வியாபாரி பண்ணையைக் கைகாட்டுவார். பண்ணைக்காரர் காட்டுவது ஒரு மூட்டையை. தீவன மூட்டை.

ஒரு கோழியை வளர்க்க ஆகும் செலவில் 60 முதல் 70 விழுக்காடு வரை தீவனத்துக்கே போகிறது. குஞ்சு, மின்சாரம், மருந்து, ஊழியர் சம்பளம் எல்லாமே மிச்சப் பணத்தில்தான் நடக்க வேண்டும். அதனால் தீவனத்தின் விலை ஆடினால் பண்ணை ஆடும்; பண்ணை ஆடினால் நம் தட்டும் ஆடும்.

விலைதான் செய்திகளில் அதிகம் அடிபடுகிறது. தீவனத்தின் தரத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் இரண்டையும் பிரிக்க முடியாது. மூலப்பொருளின் விலை ஏறும் நேரத்தில்தான் தரத்தில் கை வைக்கும் ஆசையும் கூடுகிறது. அது எப்படி நடக்கிறது, தடுக்க என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

2022ல் என்ன நடந்தது?

2022 மே 23ஆம் தேதி, அப்போதைய மலேசியப் பிரதமர் இஸ்மாயில் சப்ரி யாக்கோப் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஜூன் 1ஆம் தேதியிலிருந்து கோழி ஏற்றுமதி நிறுத்தப்படும் என்றார். மாதத்துக்கு 3.6 மில்லியன் கோழிகள் வரை வெளியே போவது நின்றது.

சிங்கப்பூருக்கு அது பெரிய விஷயம். 2021ல் நாம் இறக்குமதி செய்த கோழியில் சுமார் 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்தது. அதில் கிட்டத்தட்ட எல்லாமே உயிருடன் வந்து இங்கே அறுக்கப்படும் கோழிகள். பிரேசிலிலிருந்து உறைய வைத்த கோழி நிறைய வந்தது, உண்மைதான். ஆனால் கோழிச் சோற்றுக் கடைகளில் பலருக்கு வேண்டியது அன்று அறுத்த கோழி. சில கடைகள் கொஞ்ச நாள் மூடியே கிடந்தன.

சரி, மலேசியா ஏன் அப்படிச் செய்தது? அங்கேயே கோழி போதவில்லை. ஏன் போதவில்லை? இங்கேதான் தீவனம் வருகிறது.

2022 பிப்ரவரியில் மலேசிய அரசாங்கம் ஒரு கிலோ கோழிக்கு 8 ரிங்கிட் 90 சென் என்று உச்சவரம்பு விலை வைத்தது. மக்களுக்கு அது நிம்மதி. ஆனால் பண்ணைக்காரர் வாங்கும் தீவனத்துக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. விற்கும் விலை கட்டப்பட்டிருக்கிறது, வாங்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்த நிலையில் பண்ணைக்காரருக்கு இருக்கும் எளிய வழி, அடுத்த தொகுதியில் குறைவான குஞ்சுகளை இறக்குவது. இன்னொரு வழி தீவனத்தில் சிக்கனம் செய்வது. அப்படிச் செய்தால் கோழி மெதுவாக வளரும், எடையும் குறையும். எப்படிப் பார்த்தாலும் சந்தைக்கு வரும் இறைச்சி குறைகிறது.

அரசாங்கம் மானியம் கொடுத்தது. ஜூலை 1ல் உச்சவரம்பை 9 ரிங்கிட் 40 சென்னாக உயர்த்தியது. அக்டோபர் மாதம் சிங்கப்பூருக்கு இறைச்சிக் கோழிகள் மறுபடி வரத் தொடங்கின. அதற்குள் சிங்கப்பூர் உணவு அமைப்பு இந்தோனேசியக் கோழிக்கும் அனுமதி கொடுத்திருந்தது.

மூட்டைக்குள் என்ன இருக்கு?

கோழித் தீவனத்தைக் கையில் எடுத்தால் சின்னச் சின்னக் குச்சி மாதிரியோ தூள் மாதிரியோ இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி முதல் 60 விழுக்காடு வரை மக்காச்சோளம். அது சக்திக்கு. அடுத்தது சோயாப் புண்ணாக்கு, சுமார் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. சோயா மொச்சையிலிருந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. புரதத்துக்காகச் சேர்க்கிறார்கள்.

மிச்சம் கொஞ்சம் எண்ணெய், சுண்ணாம்புக்கல் தூள், உப்பு, வைட்டமின், தாதுக் கலவை, அமினோ அமிலங்கள். முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்பு அதிகம் வேண்டும், ஏனென்றால் தினமும் ஓட்டை உருவாக்க வேண்டும். இறைச்சிக் கோழிக்குப் புரதம் அதிகம் வேண்டும். குஞ்சாக இருக்கும்போது ஒரு தீவனம், விற்பனைக்கு முந்திய நாள்களில் வேறொரு தீவனம்.

மலேசியாவில் செம்பனை இருக்கிறதே, அதன் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்த புண்ணாக்கைக் கொடுக்கக் கூடாதா? கொடுக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் மாட்டுக்கு. அதில் நார்ச்சத்து அதிகம். மாட்டின் வயிறு அதைச் செரிக்கும். கோழியின் வயிறு திணறும். அதனால் கோழித் தீவனத்தில் கொஞ்சமாகத்தான் சேர்க்க முடியும்.

மலேசியாவில் தீவன மக்காச்சோளம் விளைவது மிகக் குறைவு. பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. சோயாவும் அப்படித்தான். ஜொகூரில் வளர்ந்த கோழியை நாம் 'பக்கத்து ஊர்க் கோழி' என்று நினைக்கிறோம். அது தின்றதோ பாதி உலகைச் சுற்றி வந்தது.

விலையை யார் முடிவு செய்றாங்க?

ஒரு ஆள் இல்லை. அமெரிக்காவின் சிகாகோ சந்தையில் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் முன்பேர வர்த்தகம் நடக்கிறது. உலகின் பல ஒப்பந்தங்கள் அந்த விலையை அடிப்படையாக வைத்துத்தான் எழுதப்படுகின்றன. அதன் மேல் கப்பல் கூலி, காப்புறுதி, நாணய மாற்று எல்லாம் ஏறும். தானியத்தை அமெரிக்க டாலரில் வாங்க வேண்டும்; கோழியை ரிங்கிட்டில் விற்க வேண்டும். ரிங்கிட் இறங்கினால், சிகாகோவில் விலை அசையாவிட்டாலும் கிள்ளானில் விலை ஏறும்.

2022 நெருக்கடிக்கு உக்ரேன் போர்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. விலை அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் நிறைய பன்றிகளை இழந்த சீனா, பண்ணைகளை மறுபடி நிரப்பியது. பன்றிகளுக்குத் தீனி வேண்டுமே! 2019ல் 5 மில்லியன் டன்னுக்கும் குறைவாக மக்காச்சோளம் இறக்குமதி செய்த சீனா, 2021ல் 28 மில்லியன் டன்னுக்கு மேல் வாங்கியது. அதே சமயத்தில் தென் அமெரிக்காவில் வறட்சி. கொள்ளைநோய்க் காலத்தில் கப்பல் கூலியும் எகிறியது.

அதற்குப் பிறகுதான் 2022 பிப்ரவரியில் போர் வந்தது. உக்ரேன் உலகின் முக்கிய மக்காச்சோள ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. அதன் துறைமுகங்கள் முடங்கின. ஏப்ரல் மாதம் சிகாகோவில் ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ மக்காச்சோளம் 8 டாலரைத் தாண்டியது. 2012க்குப் பிறகு அவ்வளவு விலை போனதில்லை.

உலகச் சந்தையில் விலை இறங்கினால் தீவன விலையும் உடனே இறங்குமா? பெரும்பாலும் இல்லை. ஆலையில் இன்று அரைபடுவது சில மாதங்களுக்கு முன் பேசிய விலைக்கு வாங்கிய சரக்கு. அதனால் தாமதம் இருக்கும். அந்தத் தாமதம் நியாயமானதா, அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

மலேசியப் போட்டி ஆணையம் அந்தக் கேள்வியைக் கேட்டது. 2020 தொடக்கத்திலிருந்து 2022 நடுப்பகுதி வரை ஐந்து தீவன நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்து விலையை உயர்த்தின என்று 2023 டிசம்பரில் அது முடிவு சொன்னது. மொத்தம் 415.5 மில்லியன் ரிங்கிட் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயின. அதனால் ஆணையத்தின் முடிவை மட்டும் வைத்து யார் குற்றவாளி என்று நாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: சில பெரிய ஆலைகளைச் சார்ந்த சந்தையில், சின்னப் பண்ணைக்காரருக்குப் பேரம் பேசும் பலம் குறைவு.

விலை ஏறினா ஆலை என்ன செய்யும்?

ஒவ்வொரு தீவன ஆலையிலும் ஒரு கணினி நிரல் இருக்கும். கோழிக்கு எவ்வளவு சக்தி, எவ்வளவு புரதம், எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்று அதற்குச் சொல்லிவிடுவார்கள். எந்தெந்தப் பொருள் இன்று என்ன விலை என்றும் சொல்வார்கள். எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றும் மிகக் குறைந்த செலவுக் கலவையை அது கணக்குப் போட்டுத் தரும்.

மக்காச்சோளம் விலை ஏறினால் நிரல் கோதுமை, அரிசிக் குருணை, தவிடு, மரவள்ளி என்று மாற்று தேடும். இது ஏமாற்று வேலை இல்லை; தொழிலின் அன்றாட வேலை. ஆனால் ஒவ்வொரு மாற்றுப் பொருளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. மரவள்ளியில் புரதம் மிகக் குறைவு, அதனால் சோயாவைக் கூட்ட வேண்டும். கோதுமை கோழியின் குடலில் பிசுபிசுப்பை உண்டாக்கும், அதனால் நொதி சேர்க்க வேண்டும். தவிடு சீக்கிரம் சிக்கடித்துப் போகும்.

நிரலுக்கு நாம் கொடுக்கும் தகவல் சரியாக இருந்தால்தான் கணக்கும் சரியாக வரும். 'இந்தச் சோயாவில் 46 விழுக்காடு புரதம்' என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது. உண்மையில் 43 இருந்தால்? கணினிக்குத் தெரியாது. கோழிக்குத் தெரியும். அதனால்தான் ஆய்வகம் வேண்டும்.

மலிவுத் தீவனம் உண்மையிலேயே மலிவா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் வெறும் உதாரணத்துக்கு.

ஒரு நல்ல தீவனம் கிலோ 2 ரிங்கிட். அதில் 1.6 கிலோ சாப்பிட்டால் கோழி 1 கிலோ எடை போடும். 2 கிலோ கோழிக்கு 3.2 கிலோ தீவனம். செலவு 6 ரிங்கிட் 40 சென்.

இன்னொரு தீவனம் கிலோ 1 ரிங்கிட் 90 சென். 10 சென் மிச்சம்! ஆனால் தரம் கொஞ்சம் குறைவு. 1 கிலோ எடைக்கு 1.7 கிலோ தேவைப்படுகிறது. 2 கிலோ கோழிக்கு 3.4 கிலோ. செலவு 6 ரிங்கிட் 46 சென்.

மலிவாக வாங்கியவர்தான் கோழிக்கு 6 சென் கூடச் செலவு செய்கிறார். 50,000 கோழிகள் உள்ள கொட்டகையில் அது 3,000 ரிங்கிட். கூடவே 10 டன் தீவனம் அதிகமாகத் தேவைப்பட்டிருக்கிறது. கோழி எடைக்கு வர இரண்டு மூன்று நாள் தாமதமானால் மின்சாரச் செலவு தனி.

இந்த 1.6, 1.7 என்பதைத்தான் தீவன மாற்று விகிதம் என்கிறார்கள். பண்ணைக்காரர்கள் தூக்கத்திலும் மறக்காத எண் அது.

சோதனை எப்படி நடக்கும்?

லாரி ஆலை வாசலுக்கு வந்தவுடனேயே சோதனை தொடங்குகிறது. நீளமான குழாய் ஊசி ஒன்றை லாரியின் பல இடங்களில் குத்தி மாதிரி எடுப்பார்கள். மேலே மட்டும் அள்ளினால் போதாது. நல்ல சரக்கை மேலே பரப்பி, கெட்டதைக் கீழே வைப்பது எல்லாத் தொழிலிலும் இருக்கும் பழைய தந்திரம்.

முதலில் ஈரப்பதம். மக்காச்சோளத்தில் அது ஏறக்குறைய 14 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இதில் இரண்டு காரணம். ஒன்று பணம்: 10,000 டன் சரக்கில் 2 விழுக்காடு ஈரம் கூடுதலாக இருந்தால், சோள விலைக்கு 200 டன் தண்ணீர் வாங்கியிருக்கிறீர்கள். இரண்டாவது பூஞ்சை. நம் ஊர் வெப்பத்தில் ஈரமான தானியம் சேமிப்புக் கிடங்கில் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

பூஞ்சையில் மோசமானது அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் வகை. இந்த நஞ்சைக் கண்டுபிடித்த கதையே தீவனத்தில்தான் தொடங்கியது. 1960ல் இங்கிலாந்தில் 100,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. விசாரித்துப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தது தெரியவந்தது. இன்று அது மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உறுதியாகியிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில், தீவன மூலப்பொருளில் அஃப்லாடாக்சின் பி1 ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு டன்னில் 20 மில்லிகிராம். ஒரு டன் சோளத்தில் ஒரு சிட்டிகை உப்பைவிடவும் குறைவு.

அவ்வளவு சின்ன அளவைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. சிக்கல் மாதிரி எடுப்பதில்தான். பூஞ்சை எல்லா இடத்திலும் சமமாகப் பரவாது. அங்கங்கே குவியலாக இருக்கும். 60,000 டன் கப்பல் சரக்கிலிருந்து எடுத்த மாதிரியில், ஆய்வகத்தில் உண்மையில் சோதிக்கப்படுவது சில கிராம்தான். கெட்ட குவியலில் ஊசி படவில்லை என்றால் அறிக்கை 'நல்லது' என்றே வரும். அதனால்தான் ஒரே இடத்தில் ஒரு கிலோ எடுப்பதைவிட, நூறு இடத்தில் பத்துப் பத்து கிராம் எடுப்பது மேல்.

தீவனத்தைச் சூடான நீராவியில் வேகவைத்துத்தானே குச்சியாக்குகிறார்கள், நஞ்சு போய்விடாதா? சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சூட்டில் பெருமளவு சாகும். அஃப்லாடாக்சின் தாங்கிக்கொள்ளும். ஆலைக்குள் வந்துவிட்டால் அதை வெளியேற்றுவது கஷ்டம். வாசலிலேயே தடுக்க வேண்டும்.

சோயாவுக்கு வேறு சோதனை. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அதனால் வறுக்க வேண்டும். குறைவாக வறுத்தால் அந்தப் பொருள் மிஞ்சும். கூடுதலாக வறுத்தால் புரதமே கெடும். சோறு வடிப்பது மாதிரி, பதம் தவறக் கூடாது. அந்தப் பதத்தைப் பார்க்கவே தனிச் சோதனைகள் உண்டு.

புரதத்தை ஏமாற்ற முடியுமா?

முடியும். நடந்திருக்கிறது.

புரதத்தை அளக்க உலகம் முழுவதும் இன்றும் பயன்படும் ஒரு முறையை 1883ல் டென்மார்க்கின் யொஹான் கெல்டால் உருவாக்கினார். அவர் வேலை பார்த்தது ஒரு பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில். அந்த முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்கும். புரதத்தில் நைட்ரஜன் இருப்பதால் கணக்குச் சரியாக வரும்.

ஆனால் நைட்ரஜன் உள்ள வேறொரு மலிவுப் பொருளைக் கலந்தால்? மெலமின் என்பது பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் ரசாயனம். அதன் எடையில் சுமார் 67 விழுக்காடு நைட்ரஜன். 6.25ஆல் பெருக்கினால் 'புரதம்' 400 விழுக்காட்டைத் தாண்டும்! கொஞ்சம் தூவினாலே போதும், மட்டமான சரக்கு உயர்ரகமாகிவிடும். காகிதத்தில் மட்டும்.

2007ல் சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமின் இருந்ததால் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவுகள் பெருமளவில் மீட்டுக்கொள்ளப்பட்டன. 2008ல் சீனப் பால் மாவில் அதே மோசடி. சுமார் 300,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், ஆறு குழந்தைகள் இறந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்காங்கில் சீன முட்டையில் கிலோவுக்கு 4.7 மில்லிகிராம் மெலமின் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5. முட்டையில் யாரும் மெலமினைக் கலக்க முடியாது. கோழித் தீவனத்தில் இருந்ததுதான் முட்டைக்குள் போனது என்று சந்தேகம் எழுந்தது.

புரதத்துக்கு விலை அதிகம் என்பதால்தான் புரதத்தில் மோசடி நடக்கிறது. சோயாவும் மீன்தூளும் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் இந்த ஆசை திரும்ப வரும். அதனால் நல்ல ஆய்வகங்கள் மொத்த நைட்ரஜனோடு நிறுத்திக்கொள்வதில்லை. எந்தெந்த அமினோ அமிலம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்கின்றன. நுண்ணோக்கியில் பார்ப்பதும் உண்டு. உமியும் மணலும் அங்கே ஒளிய முடியாது.

ஒரு கிராம் என்ன செய்யும்?

1999ல் பெல்ஜியத்தில் தீவனத்துக்குப் போகும் மறுசுழற்சிக் கொழுப்பில் தொழிற்சாலை எண்ணெய் கலந்துவிட்டது. ஏறக்குறைய 500 டன் தீவனம் கெட்டது. அதில் இருந்த டையாக்சின் நஞ்சின் மொத்த எடை சுமார் ஒரு கிராம். கோழி, முட்டை எல்லாம் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். அடுத்து வந்த தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு உலகம் கற்றுக்கொண்ட பாடம், தடம் காணும் முறை. எந்த மூட்டையில் எந்தக் கப்பலின் சோளம், எந்த லாரியின் கொழுப்பு, அது எந்தப் பண்ணைக்குப் போனது என்று எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சின்ன மாதிரியை ஆலை எடுத்துப் பத்திரப்படுத்தும். பிரச்சினை வந்தால் திறந்து பார்க்கலாம். அந்தக் குறிப்பு இல்லையென்றால், ஒரு கெட்ட தொகுதிக்காக நாட்டின் எல்லாக் கோழிகளையும் தூக்கி எறிய வேண்டிவரும்.

மருந்து கலந்த தீவனம்?

கோழி நோய்க்குச் சில மருந்துகளைத் தீவனத்தில் கலந்து கொடுப்பது வழக்கம். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அறுப்பதற்குக் குறிப்பிட்ட நாள்களுக்கு முன் மருந்தை நிறுத்த வேண்டும். இரண்டு, ஆலையில் மருந்துத் தீவனம் அரைத்த பிறகு இயந்திரத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். வெறும் சோளத்தை ஓடவிட்டுக் கழுவுவது ஒரு முறை. இல்லாவிட்டால் அடுத்த தொகுதியிலும் மருந்து ஒட்டிக்கொண்டு போகும்.

கிருமிக்கொல்லிகள் இன்னும் பெரிய பிரச்சினை. கொலிஸ்டின் என்பது, வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து. அதைப் பண்ணைகளிலும் பயன்படுத்தி வந்தார்கள். அதை எதிர்த்துத் தாங்கும் மரபணு கிருமிக்குக் கிருமி தாவுவதை 2015ல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுக்க மலேசியா தடை விதித்தது.

யார் கண்காணிக்கிறாங்க?

மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் விலங்குத் தீவனச் சட்டம் இருக்கிறது. தீவன இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு எல்லாம் அதன் கீழ் வருகின்றன. கால்நடைச் சேவைத் துறை அதை அமல்படுத்துகிறது. சிங்கப்பூரில், அனுமதி பெற்ற பண்ணைகளிலிருந்து மட்டுமே முட்டையும் உயிர்க் கோழியும் வரலாம். வந்த பிறகும் சிங்கப்பூர் உணவு அமைப்பு மாதிரி எடுத்துப் பார்க்கிறது. சால்மொனெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டதால் சில பண்ணைகளின் முட்டைகள் மீட்டுக்கொள்ளப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஆனால் சட்டம் ஒவ்வொரு மூட்டைக்குப் பக்கத்திலும் நிற்க முடியாது. பெரிய ஆலைக்குச் சொந்த ஆய்வகம் உண்டு. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, ஒரே நிமிடத்தில் ஈரம், புரதம், கொழுப்பு எல்லாம் சொல்லும் கருவி உண்டு. தானே தீவனம் கலந்துகொள்ளும் சின்னப் பண்ணைக்காரருக்கு அந்த வசதி இல்லை. விற்பவர் கொடுக்கும் ஆய்வுச் சான்றிதழை நம்ப வேண்டியதுதான். விலை நெருக்கடி வந்தால் முதலில் அடிபடுவதும் அவர், ஏமாறுவதும் அவர்.

நாமக்கல்லுக்கும் இதே கதைதான்

தமிழ்நாட்டின் நாமக்கல், இந்தியாவின் பெரிய முட்டை உற்பத்தி வட்டாரங்களில் ஒன்று. 2022 கடைசியில் மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது, நாமக்கல் முட்டைகள் கப்பலேறி மலேசியாவுக்கு வந்தன. ஆனால் நாமக்கல்லும் தீவன விலையிலிருந்து தப்பவில்லை. 2021ல் இந்தியாவில் சோயாப் புண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறியது. மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கு 1.2 மில்லியன் டன் இறக்குமதி செய்ய இந்திய அரசாங்கம் அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. முட்டையை வேறு நாட்டிலிருந்து வாங்கலாம். அந்த நாட்டுக் கோழிக்கும் அதே சோளமும் சோயாவும்தான் வேண்டும்.

இப்போ நமக்கு என்ன?

மலேசியா கோழிக்கான உச்சவரம்பையும் மானியத்தையும் 2023 நவம்பர் 1ல் நிறுத்தியது. முட்டைக்கான மானியத்தை 2025 மே மாதம் பாதியாகக் குறைத்து, ஆகஸ்ட் 1ல் முழுவதும் நிறுத்தியது. அதனால் தீவன விலை ஏறினாலும் இறங்கினாலும் அது முன்பைவிட நேராகக் கடை விலைக்கு வரும். சிங்கப்பூரில் நாம் சாப்பிடும் முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து வருகிறது. ஆனால் உள்ளூர்க் கோழிக்கும் சோளம் இங்கே விளையவில்லை.

கடையில் முட்டையைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. பலர் மஞ்சள் கருவின் நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்வார்கள். ஆரஞ்சு நிறமாக இருந்தால் நல்ல முட்டையாம்! அந்த நிறம் தீவனத்தில் உள்ள நிறமிகளால் வருகிறது. மஞ்சள் சோளம், சாமந்திப்பூச் சாறு போன்றவற்றைக் கூட்டினால் நிறம் கூடும். பூஞ்சை நஞ்சு இருக்கிறதா, மருந்து மிச்சம் இருக்கிறதா என்று நிறம் சொல்லாது. 'ஒமேகா 3' முட்டை மட்டும் கொஞ்சம் வேறு: ஆளிவிதை போன்றவற்றைத் தீவனத்தில் சேர்த்தால் முட்டையின் கொழுப்பு உண்மையிலேயே மாறும்.

அடுத்த முறை 'கோழி விலை உயர்வு' என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

- சோளம், சோயா விலை ஏறியதா, ரிங்கிட் இறங்கியதா? இரண்டுக்கும் தீர்வு வேறு.
- உலக விலை இறங்கி எத்தனை மாதம் ஆகிறது? நீண்ட நாளாகியும் தீவன விலை இறங்கவில்லை என்றால், ஏன் என்று கேட்பது நியாயம்.
- செலவைக் குறைக்க எதைக் குறைத்தார்கள்? சோதனையையும் குறைத்திருந்தால், இன்று நாம் மிச்சம் பிடிக்கும் சில காசுக்குப் பிறகு பெரிய விலை கொடுக்க நேரிடும்.

தீவனத்தைச் சோதிப்பதற்கும் பணம் செலவாகிறது. அதுவும் நாம் கொடுக்கும் கோழி விலைக்குள் இருக்கிறது. விலை ஏறும் மாதங்களில் அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். பூஞ்சை பிடித்த சோளமும் கலப்படப் புரதமும் மலிவாகக் கிடைப்பதும் அதே மாதங்களில்தான்.